கொழும்புக் கரையில் முதல் கடலோரக் களஆய்வு: கேள்வி எழுதுவது முதல் தரவு ஏற்றுவது வரை

உயிரியல் அல்லது சூழலியல் படிக்கும் மாணவர்கள் தங்கள் முதல் களஆய்வுக்குக் கொழும்பிலேயே இடம் தேடும்போது பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக ஒரே ஓர் ஆய்வைக் கடைசிவரை கொண்டுபோகிறேன். வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை ரயில் பாதையைக் காக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களிலும், இடையிடையே தலைகாட்டும் இயற்கைப் பாறைகளிலும் வாழும் உயிர்களை ஒப்பிடுவதுதான் அது. உங்கள் தலைப்பு வேறாக இருக்கலாம். வேலையின் வரிசை பெரிதாக மாறாது.

புதிதாக வருபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் கடலில் அல்ல. கடலுக்குப் போவதற்கு முந்திய வாரத்திலும், கடலிலிருந்து திரும்பிய அன்று இரவிலும்தான். அதனால் அந்த இரண்டுக்கும் இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

1. கேள்வியை ஒரே வசனத்தில் எழுதுங்கள்

"கடற்கரை உயிர்ப்பல்வகைமை பற்றிய ஆய்வு" என்பது தலைப்பு மட்டுமே. அதில் கேள்வி இல்லை. "ஒரே உயரத்தில், கொட்டிய கருங்கல்லில் இருக்கும் நத்தைகளின் எண்ணிக்கையும் இயற்கைப் பாறையில் இருக்கும் எண்ணிக்கையும் வேறுபடுகின்றனவா?" என்று கேட்டால் எதை எண்ணுவது, எங்கே எண்ணுவது, எதை விடுவது எல்லாம் தெளிவாகிவிடும்.

வசனத்தில் "ஒரே உயரத்தில்" என்ற சொற்கள் இருப்பதைக் கவனியுங்கள். பாறைக்கரையில் எந்த உயிர் எங்கே வாழும் என்பதைத் தீர்மானிப்பதில் அது எவ்வளவு நேரம் நீருக்கு மேலே காய்கிறது என்பதற்குப் பெரும் பங்கு உண்டு. உயரத்தைக் கட்டுப்படுத்தாமல் இரண்டு பாறைகளை ஒப்பிட்டால், பாறை வகையின் விளைவா உயரத்தின் விளைவா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

2. இடங்கள்: ஒரு பாறைக்கு ஒரு பாறை போதாது

அடிக்கடி பார்க்கும் தவறு இது. வெள்ளவத்தையில் ஒரு கற்குவியல், கல்கிசையில் ஹோட்டலுக்குக் கீழே உள்ள பாறைமுனை. இரண்டிலும் இருபது இருபது சட்டம் (எண்ணும் பரப்பைக் குறிக்கப் பாறையில் வைக்கும் சதுரச் சட்டகம்) வைத்து எண்ணிவிட்டு, "மாதிரி எண்ணிக்கை 40" என்று எழுதுவார்கள். அது உண்மையில் ஒன்றுக்கு ஒன்று. அந்த இரண்டு இடங்களுக்கும் இடையில் அலையின் வேகம், கால்வாய் நீர், ஆள் நடமாட்டம் எல்லாமே வேறு. கருங்கல் இடம் குறைந்தது 3, இயற்கைப் பாறை இடம் குறைந்தது 3 வேண்டும். முடிந்தால் அவை கரையோரமாக மாறி மாறி வரட்டும்.

வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் கடலில் விழும் இடங்களிலிருந்து தள்ளி நில்லுங்கள். மழைக்குப் பிறகு அங்கே உப்புத்தன்மை சட்டென்று இறங்கும். நகரக் கழிவும் அந்த வழியாகத்தான் வருகிறது. கால்வாயின் தாக்கமே உங்கள் கேள்வி என்றால் மட்டும் அங்கே போங்கள். அப்போதும் கால்வாய் நீரில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அப்படியும் தொற்றும். இந்தக் கரையோரத்தில் முதலைகள் காணப்பட்டதும் உண்டு.

ஆய்வுக்கு முன்னர் ஒருமுறை வெறுமனே நடந்து பாருங்கள். கையில் எதுவும் வேண்டாம். எந்த வழியாக இறங்குவது, அலை வந்தால் எந்த வழியாக ஏறுவது என்று மட்டும் பார்த்து வையுங்கள்.

3. கடிதமும் அனுமதியும்

கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981இல் வந்தது. கரையோர வலயம் என்பது சராசரிப் பெருக்குக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், சராசரி வற்றுக் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றர். எண்ணிப் பார்த்துவிட்டு வருவதற்கும் ஓர் உயிரை எடுத்துச் செல்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பவளத்தையும் கடலாமையையும் சட்டம் பாதுகாக்கிறது, செத்த துண்டாக இருந்தாலும் பையில் போடாதீர்கள். எதையாவது சேகரிக்க வேண்டியிருந்தால், வனசீவராசிகள் திணைக்களத்திடம் என்ன அனுமதி தேவை என்று மேற்பார்வையாளர் மூலம் முன்கூட்டியே கேளுங்கள். இந்த ஆய்வுக்குச் சேகரிப்பே தேவையில்லை.

துறையிலிருந்து ஒரு கடிதம் கட்டாயம் வேண்டும். அதில் ஆட்களின் பெயர், திகதிகள், இடங்கள், "அளவிடுவது மட்டும், எதையும் எடுப்பதில்லை" என்ற வரி இருக்கட்டும். சிங்களத்திலும் ஒரு பிரதி எடுங்கள். ரயில் பாதைக்குப் பக்கத்தில் நாடாவும் சட்டமும் விரித்தால் பொலிஸாரோ ரயில்வே ஊழியரோ விசாரிப்பது நியாயம். கடிதத்தைக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் முடியும், காட்ட எதுவும் இல்லாவிட்டால் அன்றைய வற்றே போய்விடும். துறைமுகப் பக்கம் போகவே வேண்டாம். ட்ரோன் பறக்கவிடுவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் தனி விதிகள் உண்டு.

4. நாளும் நேரமும்

கொழும்பில் வற்றுப்பெருக்கின் வீச்சு சிறியது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய வற்றுப்பெருக்கிலும் ஒரு மீற்றரை எட்டாது. இங்கிலாந்துப் பாடநூலில் உள்ள படத்தைப் பார்த்துவிட்டு நூறு மீற்றர் பாறை வெளிப்படும் என்று எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். இதன் விளைவுகளை 7ஆம் பகுதியில் சொல்கிறேன்.

கொழும்புக்கான வற்றுப்பெருக்கு அட்டவணையை எடுங்கள். ஒரு நாளில் இரண்டு வற்று வரும், இரண்டும் ஒரே ஆழமல்ல. பகலில் வருவது எது, அது எவ்வளவு தாழ்வு என்று பாருங்கள். போயா தினமும் அதற்கு அடுத்த ஒன்றிரண்டு நாட்களும் நல்லவை. போயா விடுமுறை என்பதால் ஆட்கள் கிடைப்பார்கள். ஆனால் அன்று மாலையில் கரை நிரம்பிவிடும், ஆகையால் காலை வற்றாக இருந்தால்தான் போயாவைத் தெரிவுசெய்யுங்கள்.

பருவம் அதைவிட முக்கியம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில், மீனவர்கள் சோழகம் என்று சொல்லும் காலத்தில், இந்தக் கரையில் பாறைவேலை செய்யாதீர்கள். அட்டவணை வற்று என்று சொன்னாலும் அலை பாறையின் தலையைத் தாண்டும். டிசெம்பர் முதல் மார்ச் வரை கடல் பொதுவாகச் சாந்தம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடிமின்னல் கூடும். திறந்த கரையில் கையில் உலோகக் கம்போடு நிற்கும் ஆளுக்கு அது விளையாட்டல்ல. அந்த மாதங்களில் காலை வற்று மட்டும்.

இன்னொன்று: ஆறு இடங்களுக்கு ஆறு வற்று நாட்கள் வேண்டும். முதல் மூன்று நாளும் கருங்கல், பிறகு மூன்று நாளும் இயற்கைப் பாறை என்று செய்யாதீர்கள். இடையில் ஒரு மழை வந்தால் மழையின் விளைவும் பாறையின் விளைவும் கலந்துவிடும். ஒன்றுவிட்டு ஒன்று மாறிச் செய்யுங்கள்.

5. சாமான்கள்

- 25 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரச் சட்டம் இரண்டு
- சென்ரிமீற்றர் குறியிட்ட இரண்டு மீற்றர்க் கம்பு
- 30 மீற்றர் ஃபைபர் நாடா
- 10 மீற்றர் தெளிவான பிளாஸ்டிக் குழாய்
- பென்சில்கள், எழுதும் தட்டு, இறப்பர் பட்டி
- உப்புத்தன்மை பார்க்கும் ரிஃப்ராக்டோமீற்றர், வெப்பமானி
- பிடிப்புள்ள பழைய சப்பாத்து, தொப்பி, குடிதண்ணீர், முதலுதவி

சட்டத்தை வெள்ளவத்தை ஹாட்வெயார் கடையில் அரை அங்குல பிவிசி பைப் வாங்கி நீங்களே செய்யலாம். நான்கு துண்டையும் 25 சென்ரிமீற்றருக்கு வெட்டி மூலைகளைப் பொருத்தினால் உள்ளளவு 25க்குக் கூடிவிடும், ஏனென்றால் மூலைத்துண்டும் நீளம் சேர்க்கிறது. முதலில் சற்று நீளமாக வெட்டி, பசை போடாமல் பொருத்தி, உள்பக்கத்தை அளந்து, பிறகு குறையுங்கள். நாலு பக்கத்திலும் 5 சென்ரிமீற்றருக்கு ஒரு துளை போட்டு நைலோன் நூல் கோத்தால் 25 சிறு கட்டம் வரும். ஒரு கட்டம் 4 சதவீதம். பாசி எத்தனை கட்டத்தை மூடியிருக்கிறது என்று எண்ணினாலே பரப்பளவு கிடைத்துவிடும். அடிப்பக்கத்திலும் சில துளை போடுங்கள். தண்ணீர் உள்ளே புகுந்தால்தான் சட்டம் மிதக்காமல் பாறையில் படிந்து நிற்கும்.

நனையாத தாள் விலை கூட. வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை மணல்தாளால் தேய்த்தால் பென்சில் நன்றாகப் பிடிக்கும், அழித்துத் திரும்பவும் எழுதலாம். பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சிலிப்பரோடு வருபவரைப் பாறையில் ஏற விடாதீர்கள். ஈரமான பச்சைப் பாசியில் அதற்குப் பிடிப்பே இல்லை.

6. தரவுத்தாளும் ஒத்திகையும்

தாளை முதல்நாளே அச்சிடுங்கள். ஒரு சட்டத்துக்கு ஒரு வரி. திகதி, இடம், பாறை வகை, உயர மட்டம், சட்ட எண், நேரம், பிறகு ஒவ்வோர் உயிருக்கும் ஒரு நிரல், கடைசியில் வெற்றுப்பாறை சதவீதம், படத்தின் எண்.

ஒரு விதியைத் தாளின் தலையிலேயே எழுதுங்கள்: பார்த்தேன், இல்லை என்றால் 0. பார்க்கவில்லை என்றால் கோடு. கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது. மூன்று வாரம் கழித்து வெறும் கட்டத்தைப் பார்த்தால் அன்று நத்தை இல்லையா, எண்ண மறந்தோமா என்று எண்ணியவருக்கே தெரியாது. வெறும் பாறை என்பதும் ஒரு முடிவுதான்.

பிறகு ஒத்திகை. குழுவுக்கு மூன்று பேர்: எண்ணுபவர், எழுதுபவர், நாடாவையும் கடலையும் பார்ப்பவர். வீட்டு முற்றத்தில் சட்டத்தை வைத்து, கூழாங்கற்களை நத்தையாக எண்ணிப் பாருங்கள். எண்ணுபவர் சொல்லும் எண்ணை எழுதுபவர் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அலைச்சத்தத்தில் ஏழும் எட்டும் ஒன்றாகத்தான் கேட்கும்.

7. கரையில்: முதலில் உயரம்

வற்று நேரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் முன்னரே போய்ச் சேருங்கள். ரயில் பாதையைக் கடக்கும் இடத்தில் மட்டும் கடவுங்கள். பாதையோரமாக நடந்து போவது குறுக்குவழி போலத் தெரியும். ஆனால் அலை இரைச்சலில் ரயில் வரும் சத்தம் கேட்காது. நாடாவை ஒருபோதும் தண்டவாளத்துக்குக் குறுக்கே போடாதீர்கள்.

பத்து நிமிடம் நின்று கடலைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், இடையில் அமைதி வரும். மிகப் பெரிய அலை எதுவரை நனைக்கிறது என்று கண்டு, அந்தக் கோட்டுக்குக் கீழே இன்று வேலை செய்ய முடியுமா என்று முடிவெடுங்கள். தூண்டில் போட்டுக்கொண்டு யாராவது இருந்தால் கேளுங்கள்.

"அண்ணே, இண்டைக்குக் கடல் எப்பிடி?"

"இப்ப பரவாயில்ல. பத்து மணிக்குப் பிறகு காத்து எழும்பும், அதுக்குள்ள முடிச்சிட்டு ஏறுங்க தம்பி."

அப்படி ஒருவர் சொன்னால் அந்த நேரத்தையே உங்கள் கடைசி நேரமாக வையுங்கள். காலநிலைச் செயலி ஊர் முழுவதற்கும் சேர்த்துச் சொல்லும், அவர் அந்தப் பாறையைப் பற்றிச் சொல்கிறார்.

இனி உயரம். பாடநூல்கள் கரையிலிருந்து கடலை நோக்கி நாடா விரித்து ஒவ்வொரு 5 மீற்றருக்கும் சட்டம் வைக்கச் சொல்லும். கொழும்பின் செங்குத்தான கற்குவியலில் அப்படிச் செய்தால் இரண்டாவது சட்டமே தண்ணீருக்குள் போய்விடும். வீச்சு சிறிது என்பதால், சிறு நத்தைகளின் பட்டை, பாறையில் ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிரான கொட்டலசின் பட்டை, பாசிப் பட்டை எல்லாம் ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் உயரத்துக்குள் நெருங்கி அடுக்கியிருக்கும். அதனால் கிடைத்தூரத்தை விட்டுவிட்டு, நிலைக்குத்து உயரத்தால் மட்டங்களைப் பிரியுங்கள். நீர்மட்டத்திலிருந்து 30, 60, 90, 120 சென்ரிமீற்றர் என்று நான்கு மட்டம் நல்ல தொடக்கம்.

அளப்பதற்கு மேசன்மார் வீடு கட்டும்போது பயன்படுத்தும் தண்ணீர்க்குழாய் போதும். தெளிவான குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் தூக்கினால் இரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனை கீழே கம்பில், மற்றது மேலே பாறையில். இன்னொரு வழி, அடிவானம். கொழும்பின் மேற்கே அது எப்போதும் இருக்கிறது. ஒரே நீளமுள்ள இரண்டு கம்பு, இரண்டிலும் மேலிருந்து கீழாகக் குறி. தரைப்பக்கக் கம்பின் பின்னால் நின்று, கடல்பக்கக் கம்பின் உச்சியையும் அடிவானத்தையும் ஒரே கோட்டில் கொண்டுவாருங்கள். அந்தக் கோடு உங்கள் கம்பை வெட்டும் குறிதான் இரண்டு புள்ளிகளுக்கும் இடையேயான உயர வித்தியாசம். எமெரி என்பவர் 1961இல் எழுதிய முறை இது. மணற்கரையின் சரிவை வரைவதற்கும் இதுவே உதவும்.

"நீர்மட்டம்" என்று சொன்னேன். அலை ஏறி இறங்கும்போது எது மட்டம்? பாறையிடுக்கில், அலை நேரடியாக அடிக்காத குட்டையில் சில நிமிடம் பார்த்து நடுமட்டத்தைக் குறியுங்கள். நேரத்தையும் எழுதுங்கள். அட்டவணையில் அந்த நேரத்துக்குரிய உயரத்தைக் கூட்டினால் ஆறு நாட்களின் அளவுகளும் ஒரே அடிமட்டத்துக்கு வரும். உதாரணத்துக்கு, அந்த நேரத்தில் கடல் 0.2 மீற்றர், பாறைக்குறி அதிலிருந்து 0.9 மீற்றர் என்றால், குறி 1.1 மீற்றரில் இருக்கிறது. இந்தக் கணக்கு இல்லாமல் திங்கட்கிழமையின் "60 சென்ரிமீற்றர்" செவ்வாய்க்கிழமையின் "60"ஆக இருக்காது.

8. சட்டம் வைப்பதும் எண்ணுவதும்

மேலிருந்து கீழே வேலை செய்யுங்கள். நீர் இறங்க இறங்க நீங்களும் இறங்கி, சரியாக வற்று நேரத்தில் அடிமட்டத்தில் இருக்க வேண்டும். கீழிருந்து தொடங்குபவர்கள் நனைந்துகொண்டு எண்ணுவார்கள், அல்லது அந்த மட்டத்தை விட்டுவிடுவார்கள்.

ஒவ்வொரு மட்டத்திலும் 10 மீற்றர் நாடாவைக் கிடையாகப் போட்டு, போனில் எழுந்தமான எண் எடுத்து 5 இடங்களில் சட்டம் வையுங்கள். சட்டத்தைத் தூக்கி எறிவது எழுந்தமானம் ஆகாது. கை எப்போதும் உயிர்கள் நிறைந்த இடத்தையே நாடும். எண் காட்டும் இடம் வெறும் கல்லாக இருந்தாலும் அங்கேதான் வைக்க வேண்டும். ஒரு மாணவி நான்கு முறை தொடர்ந்து 0 எழுதிவிட்டு, "அக்கா, கொஞ்சம் தள்ளி நிறைய இருக்கு, அதை எடுக்கவா?" என்று கேட்டாள். கண்ணுக்கு முன்னால் நத்தைகள் இருக்க, சட்டத்துக்குள் ஒன்றும் இல்லாதபோது யாருக்கும் மனம் அப்படித்தான் போகும். எடுக்கக்கூடாது. அந்த நான்கு பூச்சியமும், பக்கத்தில் தெரியும் கூட்டமும் சேர்ந்துதான் நத்தைகள் சீராகப் பரவாமல் திட்டுத்திட்டாக வாழ்கின்றன என்பதைக் காட்டும்.

எண்ணுவதற்கு முன் சட்டத்துக்குள் கால் வைக்காதீர்கள், நிழல் விழுந்தாலே நண்டு ஓடிவிடும். முதலில் ஓடுபவை, பிறகு நகர்பவை, கடைசியில் ஒட்டியவை. படத்தில் சட்ட எண் எழுதிய அட்டையும் தெரியட்டும், எண் இல்லாத படத்தால் பயனில்லை.

வெடிப்புகளைக் குனிந்து பாருங்கள். அலைத்தெறிப்பு மட்டத்தில் வாழும் மிளகளவு நத்தைகள் வெயில் ஏறியதும் கல்லின் வெடிப்புக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்துகொள்ளும். நிமிர்ந்து நின்று பார்ப்பவருக்கு அது கறுப்புக் கோடு. முகத்தைக் கல்லுக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோனால்தான் ஒவ்வொன்றின் சுருளும் தனித்தனியாகத் தெரியும். ஒரே சட்டத்தில் ஒருவர் 14 என்றும் மற்றவர் 37 என்றும் சொல்வது இதனால்தான். அன்றைய முதல் சட்டத்தை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிடுங்கள், வித்தியாசம் எங்கே வந்தது என்று பேசுங்கள், பிறகு ஒருவரே அன்று முழுவதும் எண்ணட்டும்.

சட்டத்தில் பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும் உயிர்களுக்கு ஒரு விதி வேண்டும். மேல், இடது விளிம்பில் இருப்பவை உள்ளே. கீழ், வலது விளிம்பில் இருப்பவை வெளியே.

கூம்பு ஓட்டோடு பாறையில் இறுக ஒட்டியிருக்கும் நத்தையான லிம்பெட்டை நெம்பாதீர்கள். பாறையிலிருந்து பிய்த்தெடுத்தது பெரும்பாலும் பிழைக்காது. புரட்டிய கல்லை அதே பக்கம் கீழாகத் திருப்பி வையுங்கள், ஏனென்றால் அடியில் வாழ்பவை வெயிலைத் தாங்கமாட்டா.

ஒரு சட்டத்துக்கு 4 முதல் 5 நிமிடம் என்றால் 20 சட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம் போகும். ஒரு வற்றுக்கு ஓர் இடம்தான். இரண்டு இடம் முடிக்க நினைத்தால் இரண்டுமே அரைகுறையாகும். மூன்றாமவர் கடலை மட்டும் பார்க்க வேண்டும், நாடா பிடித்துக்கொண்டு கடலுக்கு முதுகு காட்டக்கூடாது. அவர் "ஏறு" என்றால் எண்ணிக்கை பாதியில் நின்றாலும் எல்லோரும் ஏற வேண்டும்.

9. பெயர் தெரியாத உயிர்கள்

ஊகித்து எழுத வேண்டாம். "நத்தை அ", "நத்தை ஆ" என்று பெயரிட்டு, மேல்பக்கம், வாய்ப்பக்கம், பக்கத்தில் அளவுகோல் என மூன்று படம் எடுங்கள். நாள்தோறும் அதே பெயரையே பயன்படுத்துங்கள். பிறகு விரிவுரையாளரிடமோ, மட்டக்குளிப் பக்கம் காக்கைத்தீவில் இருக்கும் தேசிய நீர்வாழ் வள ஆய்வு நிறுவனமான நாராவிலோ கேட்டு அடையாளம் காணலாம். தவறான இனப்பெயரை உறுதியாக எழுதியிருந்தால் திருத்த வழியில்லை. "நத்தை ஆ" என்றிருந்தால் ஒரே மாற்றத்தில் எல்லா வரியும் சரியாகும்.

10. பாறை ஏற முடியாத நாளில் மணற்கரை

கடல் இடங்கொடுக்காத நாளை வீணாக்க வேண்டியதில்லை. பெருக்குக் கோட்டுக்கு மேலே, அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த பகுதியில் அதே சட்ட முறையால் தாவர மூடலை அளக்கலாம். நண்டுக் குழிகளையும் எண்ணலாம். ஆட்கள் நடக்கத் தொடங்குமுன், விடிந்தவுடன் எண்ணுங்கள்.

பிளாஸ்டிக் குருணைகளை எண்ண விரும்பினால் பெருக்கு விட்டுச்சென்ற குப்பைக் கோட்டில் எடுங்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி, ஜூனில் மூழ்கியபோது கரையெங்கும் ஒதுங்கியவை இந்த 2 முதல் 5 மில்லிமீற்றர்க் குருணைகள்தான். எரிந்து கட்டியானவற்றையும் எரியாதவற்றையும் தனி நிரலில் எழுதுங்கள். எரிந்தவை அந்தக் கப்பலைச் சுட்டக்கூடும், எரியாதவை வேறு வழியிலும் வந்திருக்கலாம். கல்கிசையில் மணல் ஆய்வு செய்தால், 2020இல் அங்கே கடலடி மணல் கொட்டிக் கரை நிரப்பப்பட்டதை அறிக்கையில் குறிப்பிடுங்கள். அதற்கு முந்திய தரவோடு நேரே ஒப்பிடுவது பிழை.

11. அன்றிரவே

குளித்துச் சாப்பிட்டதும் தரவை ஏற்றுங்கள். நாளைக்கு என்று வைத்தால், "9ஆ 4ஆ" என்ற சந்தேகத்தைத் தீர்க்க எழுதியவரின் நினைவு இருக்காது.

முதலில் தகட்டை அழிக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடியுங்கள். பிறகு ஒருவர் வாசிக்க மற்றவர் தட்டச்சு செய்யட்டும். முடிந்ததும் வேடத்தை மாற்றித் திரும்ப ஒருமுறை ஒப்பிடுங்கள். படங்களின் பெயரைத் திகதி, இடம், மட்டம், சட்டம் என்று மாற்றுங்கள். கோப்பை இரண்டு இடத்தில் சேமியுங்கள். அதில் ஒன்று மேற்பார்வையாளரின் மின்னஞ்சலாக இருக்கட்டும்.

நத்தைகள் திட்டுத்திட்டாக வாழ்வதால் சராசரி மட்டும் ஏமாற்றும். நான்கு சட்டத்தில் 0, ஒன்றில் 60 என்றால் சராசரி 12, ஆனால் 12 நத்தை எந்தச் சட்டத்திலும் இல்லை. இடையத்தையும் தனித்தனி எண்களையும் சேர்த்துக் காட்டுங்கள். ஒப்பிடும்போது ஓர் இடத்தில் ஒரே மட்டத்தில் வைத்த ஐந்து சட்டங்களை ஒரே மதிப்பாகச் சுருக்கி, மூன்று இடத்துக்கு மூன்று இடம் என்று ஒப்பிடுங்கள்.

சட்டம், நாடா, ரிஃப்ராக்டோமீற்றர் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். உப்பு படிந்த நாடா அடுத்த முறை பாதியில் சிக்கும். கடைசியாக, அடுத்த வற்று நாள், இடம், அதற்கான எழுந்தமான எண்கள் மூன்றையும் அடுத்த தரவுத்தாளின் தலையில் எழுதி, தட்டில் செருகி வையுங்கள்.